எந்த இங்கிலீஷ் கிளாஸ்ல சேரலாம்ணே?

மே மாதம் வந்தால் என் போன் ஓயாது. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஒரு சுற்று, கல்லூரிக் கடைசி செமஸ்டர் முடிந்ததும் இன்னொரு சுற்று. கூப்பிடுவது சொந்தக்காரப் பிள்ளைகள், இல்லாவிட்டால் மேலூரில் என்னோடு படித்தவர்களின் தம்பி தங்கைகள். இங்கிலீஷ் பேசியே சம்பளம் வாங்குகிறவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர். கேள்வி எப்போதும் இதுதான்: "அண்ணே, மதுரைல எந்த இங்கிலீஷ் கிளாஸ்ல சேரலாம்?"

நான் திருப்பிக் கேட்பேன். "சேரலாம்யா. யார்கிட்ட பேசப் போற?"

கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம், "பொதுவாத்தாண்ணே. எல்லார்கிட்டயும்."

எல்லாரிடமும் பேச ஒரு கோர்ஸ் இருக்கிறது என்று நானும்தான் நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு 4,500 ரூபாய் கட்டினேன்.

2010. டவுன்ஹால் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்து. கீழே ரெடிமேட் கடை, மாடியில் கிளாஸ். அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம். மேலூரில் பஸ் ஏறி மாட்டுத்தாவணி, அங்கே டவுன் பஸ் பிடித்து பெரியார், அப்புறம் நடை. மாலை ஆறு மணி கிளாஸுக்கு நாலரைக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கிளாஸில் 32 பேர். பிளாஸ்டிக் நாற்காலிகள் பத்தாமல் கடைசியாக வருகிறவர்கள் ஜன்னல் திண்டில் உட்காருவோம். சார் நல்ல மனிதர், தொண்டை வற்ற வற்றக் கத்துவார். போர்டில் பன்னிரண்டு கட்டம் போட்டு, டென்ஸ்களை நிரப்பி, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்வார். "ஐ ஹேவ் பீன் ஈட்டிங்" என்று 32 பேரும் கோரஸாகச் சொல்லும்போது கீழே கடைக்காரர் என்ன நினைத்திருப்பாரோ.

தனித்தனியாக வாய் திறப்பது சனிக்கிழமை மட்டும். அன்றைக்கு செல்ஃப் இன்ட்ரடக்ஷன். எழுதி மனப்பாடம் செய்து வந்து ஒப்பிப்போம். பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார், பொழுதுபோக்கு. 32 பேருக்கும் பொழுதுபோக்கு 'ரீடிங் நியூஸ்பேப்பர்'. எங்களில் பேப்பர் வாங்கும் வீடு நாலு இருந்தால் அதிகம்.

மூன்று மாதம் முடிந்து சர்டிஃபிகேட் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு, அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு இன்சூரன்ஸ் பில் வேலை பார்க்கும் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். செல்ஃப் இன்ட்ரடக்ஷன் பிரமாதமாகப் போனது. அடுத்த அறையில் ஹெட்போனை மாட்டிவிட்டு ஒரு ரெக்கார்டிங்கைப் போட்டார்கள். ஒரு அமெரிக்க அம்மா, போனில், இரண்டு நிமிடம். பாலிசி நம்பர் என்ன, சிகிச்சை நடந்த தேதி என்ன, எவ்வளவு பணம் பாக்கி, இதைத்தான் எழுதித் தர வேண்டும். எனக்குப் புரிந்தது "இன்சூரன்ஸ்", "தேங்க் யூ" என்ற இரண்டு இடங்கள். பணம் ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று கடைசி வரை தெரியவில்லை. நம் ஊரில் 'ஃபிஃப்டீன்' என்றால் ஒரே அழுத்தத்தில் தட்டையாகச் சொல்லுவோம். அந்த அம்மா ஒன்றில் முன்னால் அழுத்துகிறார், இன்னொன்றில் பின்னால் அழுத்துகிறார். அந்த அழுத்தத்தில்தான் முப்பத்தைந்து டாலர் வித்தியாசம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வெளியே வந்து டீக்கடையில் நின்றபோது சார் மேல் கோபம் வந்தது. இப்போது யோசித்தால் அது நியாயமில்லை. நான் போன வேலைக்குத் தேவை காது. நான் சேர்ந்தது வாய்க்கான கிளாஸ். சேரும்போது எதற்காக வருகிறாய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்புறம் ஆறு மாதம் எந்தக் கிளாஸுக்கும் போகவில்லை. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியில் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. 1959-லிருந்து நடந்தது. சுமார் 1,500 சொற்களுக்குள், சாதாரணச் செய்தியைவிட மெதுவாக, அமெரிக்க உச்சரிப்பில் வாசிப்பார்கள். நெட் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து அதை மெமரி கார்டில் இறக்குவேன். எழுத்து வடிவத்தையும் பிரின்ட் எடுத்துக்கொள்வேன். முதலில் பேப்பரைப் பார்க்காமல் கேட்டு, காதில் விழுந்ததை நோட்டில் எழுதி, அப்புறம் ஒப்பிட்டுப் பார்ப்பேன். முதல் வாரம் நோட்டில் பாதி வரிகள் வெறும் கோடு. நாலாவது மாதத்தில் கோடுகள் குறைந்தன. அதே மாதிரி இன்னொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அதிலிருந்துதான் எனக்கு இந்தப் பெயர்.

இதைச் சொன்னால் "அப்ப கிளாஸே வேணாமாண்ணே" என்பார்கள். அப்படியில்லை. அந்த 32 பேரில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான். முதல் சனிக்கிழமை எழுந்து நின்றவன் தன் பெயரைச் சொல்வதற்குள் வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டான். பன்னிரண்டாவது சனிக்கிழமை, தப்பும் தவறுமாக, தன் வீட்டு ஆடு தொலைந்துபோன கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். அவனுக்கு அந்த மாடி சரியான இடம். கூச்சம் போக வேண்டும் என்று வருகிறவர்களுக்கு நாலு பேர் முன்னால் நின்று உளற ஒரு இடம் வேண்டும். அதற்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸை விட்டால் வேறு வழி குறைவு.

ஆனால் '30 நாளில் சரளமாக' என்று கரன்ட் கம்பத்தில் ஒட்டியிருப்பதை நம்பிப் போக வேண்டாம். மொழித்திறனை அளக்க ஐரோப்பியக் கவுன்சில் 2001-ல் வெளியிட்ட ஓர் அளவுகோல் உண்டு. ஏ1, ஏ2 என்று தொடங்கி சி2 வரை ஆறு படி. இந்தப் படிகளுக்கு எத்தனை மணி நேர வகுப்பு ஆகும் என்று கேம்பிரிட்ஜ் தேர்வுக்காரர்கள் ஒரு தோராயக் கணக்குத் தருகிறார்கள்: அடியிலிருந்து தொடங்கி ஏ2 வர 180 முதல் 200 மணி நேரம், பி1-க்கு 350 முதல் 400, பி2-க்கு 500 முதல் 600. அதாவது ஒரு படிக்கு ஏறத்தாழ 200 மணி. என் மூன்று மாதக் கோர்ஸ், தினம் ஒரு மணி, வாரம் ஐந்து நாள், மொத்தம் 60 மணி. ஒரு படியில் மூன்றில் ஒரு பங்குகூட முழுசாக வரவில்லை. அதனால்தான் சேருவதற்கு முன்னால் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். கேம்பிரிட்ஜ் இணையதளத்திலேயே 25 கேள்வியில் இலவசமாகப் பார்க்கலாம். அது படித்துப் பதில் சொல்வதை மட்டும் அளக்கும், பேச்சை அளக்காது. என்னிடம் வரும் பிள்ளைகள் பலர் அதில் நல்ல மார்க் வாங்குவார்கள், போனில் "ஹலோ"வுக்கு அடுத்த வரி வராது.

எங்கள் குடும்பத்தில் இந்த விஷயத்தில் அதிகம் செலவழித்தது என் சித்தி மகள். ஸ்டாஃப் நர்ஸ். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வில் ஆறு வருஷம். இங்கிலாந்து போக வேண்டும் என்று முடிவு செய்ததும் முதலில் ஒரு ஸ்போக்கன் கிளாஸ், அப்புறம் வெளிநாடு போகக் கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.ஸுக்குக் கோச்சிங். அங்கே நர்ஸாகப் பதிவு செய்ய ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக்கில் மொத்தமாக 7 வேண்டும். எழுத்தில் மட்டும் 6.5 போதும், கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றிலும் தனித்தனியாக 7. இவளுக்கு எழுத்தில் 6, படிப்பதில் 6.5. இரண்டு தடவை எழுதினாள், இரண்டு தடவையும் அதே மார்க். ஒவ்வொரு தடவையும் பதினைந்தாயிரத்துக்கு மேல்.

"படுக்கைப் புண் வந்தா என்ன செய்யணும்னு எழுதச் சொன்னா எழுதிருவேண்ணே. நகரத்துல டிராஃபிக்கை எப்படிக் குறைக்கலாம்னு 250 வார்த்தை கேக்குறாங்க. காளவாசல் சிக்னலை வேணா சொல்லலாம்" என்றாள்.

அப்போதுதான் அவளோடு வேலை பார்த்த மலையாளிப் பெண் ஒருத்தி ஓ.இ.டி. பற்றிச் சொல்லியிருக்கிறாள். மருத்துவத் துறைக்கென்றே இருக்கும் ஆங்கிலத் தேர்வு. நர்ஸ், டாக்டர், பல் டாக்டர், பிசியோதெரபிஸ்ட் என்று பன்னிரண்டு தொழில்களுக்கு எழுத்தும் பேச்சும் தனித்தனி. இங்கிலாந்து நர்ஸ் பதிவுக்கு இதில் மூன்று பகுதியில் 'பி' கிரேடும் எழுத்தில் 'சி பிளஸ்'ஸும் வந்தால் போதும். எழுத்து என்றால் கட்டுரை கிடையாது. நோயாளியின் கேஸ் குறிப்பைக் கொடுத்துவிடுவார்கள். அதைப் பார்த்து இன்னொரு டாக்டருக்கோ நர்ஸுக்கோ 180 முதல் 200 வார்த்தைக்குள் ஒரு கடிதம். 45 நிமிடம், அதில் முதல் ஐந்து நிமிடம் படிக்க மட்டும்.

ஆனையூரில் சித்தி வீட்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்து அவள் எழுதிய முதல் கடிதத்தைப் பார்த்தேன். இலக்கணப் பிழை மூன்றுதான். ஆனால் குறிப்பில் இருந்த எல்லாவற்றையும் எழுதியிருந்தாள். நோயாளிக்கு 1998-ல் அப்பென்டிக்ஸ் எடுத்தது, அவர் மகன் வெளியூரில் இருப்பது, எல்லாம். கடிதம் எதற்கு? காலில் புண் ஆறாத சர்க்கரை நோயாளிக்கு வீட்டில் வந்து கட்டுப் போடச் சொல்லி. "இந்த அப்பென்டிக்ஸ் எதுக்கும்மா?" என்றேன். "கொடுத்திருக்காங்கள்ல, விட்டா மார்க் போயிருமே" என்றாள். நம் பள்ளிக்கூடப் பழக்கம் அது. கொடுத்ததை எல்லாம் எழுது. இந்தத் தேர்வில் எழுத்தை ஆறு விதமாகப் பார்த்து மார்க் போடுகிறார்கள்: கடிதத்தின் நோக்கம் முதலிலேயே தெரிகிறதா, வேண்டிய தகவல் இருக்கிறதா, சுருக்கமாக இருக்கிறதா என்றெல்லாம். இலக்கணமும் சொல்லும் அந்த ஆறில் ஒன்றுதான். அவள் இரண்டு வருஷமாக அந்த ஒன்றுக்காகத்தான் பணம் கட்டிக்கொண்டிருந்தாள்.

பேச்சுத் தேர்வுக்கு நான் நோயாளியாக நடிப்பேன். இரண்டு ரோல் பிளே, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் போல. என் அட்டையில், இன்சுலின் ஊசிக்குப் பயந்த ஆள் என்று போட்டிருந்தது. நான் பயந்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "இன்சுலின் இஸ் எ ஹார்மோன்" என்று பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டாள்.

"ஏம்மா, ஐ.சி.யு.ல ஒரு பாட்டி ஊசிக்குப் பயந்தா இப்படித்தான் சொல்லுவியா?"

"இல்லண்ணே. ஒன்னுமில்ல பாட்டி, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், கையை இங்கிட்டு குடுங்கன்னு சொல்லுவேன்."

"அதைச் சொல்லு."

யோசித்து யோசித்து, "இட் வில் ஃபீல் லைக் அன் ஆன்ட் பைட்" என்றாள். அவளே சிரித்துவிட்டாள். பேச்சில் மொழிக்கு மட்டும் இல்லாமல், நோயாளியின் பயத்தைக் கேட்டுப் பதில் சொல்கிறோமா என்பதற்கும் மார்க் உண்டு. ஆறு வருஷமாகத் தமிழில் தினமும் செய்துவந்த வேலை. அதை இங்கிலீஷில் செய்யலாம் என்று எந்த கோச்சிங்கும் அவளிடம் சொல்லவில்லை. நாலு மாதத்தில் தேறிவிட்டாள்.

ஐ.இ.எல்.டி.எஸ்.ஸை மட்டமாகச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டில் எம்.எஸ். படிக்கப் போகிறவனுக்கு அந்த டிராஃபிக் கட்டுரையும் வரைபடத்தைப் பார்த்து 150 வார்த்தை எழுதுவதும் நல்ல பயிற்சிதான். அங்கே போய் அதைத்தான் செய்யப் போகிறான். ஆனால் அதிலேயே அகாடமிக், ஜெனரல் டிரெய்னிங் என்று இரண்டு வகை இருக்கிறது என்பதுகூடத் தெரியாமல் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. கல்லூரி நண்பன் ஒருவன் கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்காக (பி.ஆர்.) அகாடமிக் எழுதி நல்ல மார்க்கும் வாங்கிவிட்டான். அதற்கு விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறைக்கு ஜெனரல் டிரெய்னிங்தான் செல்லும். கேட்பதும் பேசுவதும் இரண்டிலும் ஒன்றுதான். படிப்பதும் எழுதுவதும்தான் வேறு. ஜெனரலில் வரைபடத்துக்குப் பதில் கடிதம் வரும். திரும்ப முழுத் தேர்வும் எழுதினான். மார்க் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எப்போது விண்ணப்பிப்பது என்று தெரியாமல் இப்போதே எழுதி வைத்துக்கொள்வதில் பிரயோசனம் இல்லை. ஜெர்மனிக்கு நர்ஸாகப் போகிறேன், எந்த இங்கிலீஷ் கோர்ஸ் என்று ஒரு பெண் கேட்டாள். ஜெர்மன் படி என்றேன்.

பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஸ்போக்கன் கிளாஸ் வேண்டாம். பேங்க் ஆபீசர் வேலைக்கான ஐ.பி.பி.எஸ். பி.ஓ. தேர்வின் முதல் கட்டமான பிரிலிம்ஸில் இங்கிலீஷ் 30 கேள்வி, 20 நிமிடம். ஒரு கேள்விக்கு 40 விநாடி. வேகமாகப் படித்துப் பிழை கண்டுபிடிக்கிற வேலை அது, பேச்சுக்கு அதில் இடமே இல்லை. பழைய கேள்வித்தாளும் தினம் ஒரு இங்கிலீஷ் பேப்பர் தலையங்கமும் போதும். புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-ல் திறந்த பிறகு அதற்குக் காசும் செலவில்லை. குரூப் 4-க்குப் படிக்கிறவர்களுக்கு அதுவும் வேண்டாம். அங்கே மொழித்தாள் தமிழ்தான்.

என் மச்சான் கதை இன்னும் சுருக்கம். அக்கா வீட்டுக்காரர். கோயில் பக்கம் சின்னச் சுங்குடிக் கடை. குளிர்காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். "மாப்ள, பக்கத்துக் கடைக்காரன் பேசியே ஆளை இழுத்துர்றான். நானும் கிளாஸ் போகலாம்னு இருக்கேன்" என்றார். ஐம்பத்திரண்டு வயசு. இவரைக் கொண்டுபோய் டென்ஸ் கட்டத்துக்கு முன்னால் உட்கார வைப்பதா?

இரண்டு நாள் சாயங்காலம் கடையில் உட்கார்ந்து, தமிழில் வாடிக்கையாளரிடம் என்னென்ன சொல்கிறார் என்று கேட்டேன். மொத்தம் நாற்பது வாக்கியம்கூட இல்லை. இது சுத்தப் பருத்தி. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு. முதல் சலவையில் கொஞ்சம் சாயம் போகும், தனியாகத் துவைங்க. இந்த விலைக்குக் கீழே கட்டாது. அதை இங்கிலீஷில் தமிழ் எழுத்தில் நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கொடுத்தேன். கூடவே ஒரு யோசனை: அவிழ்க்காத முடிச்சோடு ஒரு முழத் துணியைக் கல்லாப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வருகிறவர் கையில் கொடுத்து அவிழ்க்கச் சொல்லுங்கள். "ஒன் நாட், ஒன் டாட், மேடம்" என்று அவராகவே ஒரு வாக்கியம் கண்டுபிடித்துக்கொண்டார். நான் எழுதிக் கொடுத்ததைவிட அதுதான் விற்கிறது.

சரி, எல்லாம் யோசித்து, கிளாஸ்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்கள். மாடிப்படி ஏறும்போது ஒரு கணக்குப் போடுங்கள். பேட்ச்சில் 25 பேர், ஒரு மணி நேர வகுப்பு. சார் பேசுவது 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 20. ஆளுக்கு 48 விநாடி. அதுதான் நீங்கள் அன்றைக்கு இங்கிலீஷ் பேசும் நேரம். ஆறு பேர் உள்ள பேட்ச்சுக்கு இரண்டு மடங்கு ஃபீஸ் கேட்டாலும் எனக்கு அது மலிவாகத்தான் தெரிகிறது. ஃபீஸ் கட்டும் முன் ஒரு நாள் உள்ளே உட்கார்ந்து பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். டெமோ கிளாஸ் என்று தனியாக நடத்துவதை நான் சொல்லவில்லை, அது கல்யாண வீட்டு மேடை மாதிரி. நடந்துகொண்டிருக்கிற பேட்ச்சில், பின்வரிசையில். 'எதுக்காகப் படிக்கிறீங்க' என்று அவர்களாகவே கேட்கிறார்களா என்றும் பாருங்கள். கேட்காமல் ரசீது புத்தகத்தை எடுத்தால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

சித்தி மகள் இப்போது லீட்ஸில் இருக்கிறாள். போன முதல் வாரம் இரவு பதினொன்றுக்குப் போன் செய்தாள். வார்டில் பார்க்கிறவர்கள் எல்லாரும் அவளிடம் "யு ஆல்ரைட்?" என்று கேட்கிறார்களாம். முகம் வாடியிருக்கிறதோ என்று பாத்ரூமில் போய்க் கண்ணாடி பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். மூன்றாம் நாள்தான் அது நம் "என்ன, சாப்ட்டாச்சா" மாதிரி என்று புரிந்திருக்கிறது. எண்பது வயசுத் தாத்தா ஒருத்தர் அவளை "லவ்" என்று கூப்பிட்டதில் திகைத்துப்போய் மாத்திரையைத் தப்பான டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டாளாம்.

"ஓ.இ.டி.ல இதெல்லாம் வரவே இல்லையேண்ணே" என்றாள். அப்புறம், தயங்கி, "இங்க ஊர்ப்பேச்சு சொல்லிக்குடுக்க ஏதாச்சும் கோர்ஸ் இருக்கா, கொஞ்சம் பாத்துச் சொல்றியா?"